ஷாக் அப்சார்பர் மாட்டித் தந்த அண்ணனுக்கு நன்றி

பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்ட அந்த அண்ணனுக்கு நன்றி. என் பழைய பிக்கப்பின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, சின்னப் பள்ளத்துக்கே வண்டி துள்ளிக்கொண்டிருந்தது. மாற்றலாம் என்று உட்கார்ந்தால், கீழ் போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. "அடிக்காதீங்க தம்பி, மரை போயிடும்" என்றவர், கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு ஊறவைத்தார். அப்புறம் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி ஓர் அழுத்து, கழன்றது. ஆக்சில் தொங்கிவிடாமல் அடியில் ஜாக்கி கொடுத்ததும் அவர்தான்.

ஷாக் முனையில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷின் போல்ட்டை மட்டும் வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய பிறகே முழுசாக இறுக்க வைத்தார். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். இதை எனக்கு எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை! அண்ணே, வண்டி இப்போது அலுங்காமல் ஓடுகிறது.