சேலத்திலிருந்து ஒரு கடிதம்: மேப் வரையும்போது மெமரி தீர்ந்த கதை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, இப்போது மாடிப்படி ஏறுகிறாள். நானும் போன வாரம் முழுக்க ஏற்காட்டில் மாமா தோட்டத்தில்தான் இருந்தேன். சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் மிளகுக்கொடி, எல்லாம் நீ பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒரு மேப் போட்டுக் கொடு என்று மாமா கேட்டார். பைத்தானில் மேட்பிளாட்லிப் என்ற படம் வரையும் நிரல் தொகுப்பை வைத்து வரைந்தேன், அதில்தான் மெமரி போதவில்லை என்று நீ எழுதியிருந்த அதே எரரில் நானும் மாட்டினேன், மூன்று ராத்திரி போனது. உனக்கும் உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

நாசா 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் அளந்த உயரக் கணக்கைத்தான் எடுத்தேன். ஒரு டிகிரிக்கு ஒரு ஃபைல், 3601-க்கு 3601 புள்ளி, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒன்று. சேலமும் ஏற்காடும் ஒரே ஃபைலில் வந்துவிடும், ஆனால் மேட்டூர் அணையும் தெரியட்டும் என்று பக்கத்து ஃபைலையும் ஒட்டினேன். இரண்டுக்கும் பொதுவான ஓர வரிசை ஒரு முறைதான், ஆக 3601-க்கு 7201, அதாவது 2.59 கோடி புள்ளி. டிஸ்க்கில் அது வெறும் 52 எம்பி, ஏனென்றால் ஒவ்வொரு உயரமும் இரண்டு பைட் முழு எண். என் லேப்டாப்பில் 4 ஜிபி மெமரி இருக்கிறது, 52 எம்பிக்கு என்ன கேடு என்று நினைத்தேன்.

வந்த எரர் என்ன தெரியுமா, 198 எம்பி ஒதுக்க முடியவில்லை என்று. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே இரண்டு ராத்திரியை வீணாக்கினேன் மாப்ள. நெரிசலான டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏற வந்தவரைத்தான் கண்டக்டர் இடமில்லை என்பார், பஸ்ஸை நிரப்பியது அவர் இல்லையே. அந்த 198-ம் அப்படித்தான், கடைசியாக இடம் கேட்ட அர்ரே (எண்களின் அட்டவணை) அது. அதற்கு முன்னால் உள்ளே உட்கார்ந்திருப்பது யார் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணினேன். அளவு கிடைக்காத இடங்களில் -32768 என்று இருக்கும், அதை ‘நான்’ (NaN, எண் இல்லை என்ற குறி) மதிப்பாக மாற்றினேன், முழு எண்ணில் அது நிற்காது என்பதால் அர்ரேயை எட்டு பைட் தசம எண்ணான ஃப்ளோட்64 ஆக்கினேன். அந்த இடத்திலேயே 52 எம்பி 207 ஆகிவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் முகவரி எழுதும் மெஷ்கிரிட் போட்டதில் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் இன்னொரு 415. கட்டம் கட்டமாக நிறம் பூசும் பிகலர்மெஷ் அந்த இரண்டையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்ளும், அது இன்னொரு 415. அப்புறம் நிறம், புள்ளிக்கு நான்கு எண், ஒவ்வொன்றும் எட்டு பைட், அதற்கு மட்டும் 830. கூட்டினால் 1.8 ஜிபிக்கு மேல், விண்டோஸும் பிரவுசரும் தின்றது தனி.

சரி, என்ன செய்தேன்? நான்கு பைட் ஃப்ளோட்32 போதும், மலை உயரத்துக்கு அதற்கு மேல் துல்லியம் எதற்கு? மெஷ்கிரிட்டை எடுத்துவிட்டு அர்ரேயை நேராகப் படமாகக் காட்டும் இம்ஷோவுக்கு மாறி, எக்ஸ்டென்ட்டில் நான்கு எல்லையை மட்டும் கொடுத்தேன். புள்ளிகள் சம இடைவெளியில் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முகவரி சொல்ல வேண்டியதே இல்லை. இம்ஷோ முதலில் திரை அளவுக்குச் சுருக்கிவிட்டுத்தான் நிறம் பூசும், அதனால் பளு மிகவும் குறைவு.

அதற்கும் மேலாக, திரையில் இருப்பதே 1920-க்கு 1080, சுமார் 20 லட்சம் புள்ளி. 2.59 கோடியை அங்கே அனுப்பி என்ன பயன்? அதனால் குறைத்துவிட்டு வரை. ஆனால் பத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதே. நான் எடுத்தேன், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி மேப்பில் தணிந்துவிட்டது, 1,600 மீட்டரைத் தாண்டும் இடம் அது. மாமா ஒரே பார்வையில், “இது நம்ம மலை மாதிரி இல்லையேடா” என்றார். அப்புறம்தான் ஓரத்தில் ஒரு வரிசையையும் ஒரு நெடுவரிசையையும் வெட்டி 3600-க்கு 7200 ஆக்கி, ஆறுக்கு ஆறு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு அதிகபட்ச உயரம் எடுத்தேன். 7.2 லட்சம் புள்ளிதான், உச்சி அப்படியே நிற்கிறது. ஓடை பார்க்க வேண்டுமென்றால் குறைந்தபட்சத்தை எடு, எது தொலையக்கூடாதோ அதைப் பொறுத்தது.

பைத்தானில் அர்ரேயைக் கையாளும் நம்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அது பிரதி இல்லை, பழைய அர்ரேயையே பார்க்கும் ஜன்னல். துண்டு கையில் இருக்கும்வரை முழு அர்ரேயும் மெமரியை விட்டுப் போகாது, அதனால் காப்பி எடுத்துக்கொண்டு பெரியதை அழித்துவிடு. நீ லூப் போட்டு நூறு படம் சேமிக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, ஒவ்வொரு படத்தையும் சேமித்த உடனே குளோஸ் செய்கிறாயா? மேட்பிளாட்லிப்பின் பைப்ளாட் திறந்த படம் எதையும் தானாக விடாது, 20 தாண்டினால் எச்சரிக்கை மட்டும் தரும். எனக்கு உன் சிக்கல் இங்கேதான் என்று படுகிறது.

உன் அர்ரேயின் ஷேப்பும் (எத்தனைக்கு எத்தனை) டிடைப்பும் (எண் வகை) என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுது, கணக்குப் போட்டுச் சொல்கிறேன். மாமா தோட்டத்து மேப்பைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நீ தீபாவளிக்கு வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்க்கலாம்.

உன் பழைய ரூம்மேட்