பாயேயாவும் ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்பெயினில் வலென்சியாவிலிருந்து அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். "சர்ச்சும் மியூசியமும் மட்டும் பார்த்துவிட்டு வராதே, ஒரு நாள் சமையல் வகுப்புக்குப் போ" என்று சொன்னாயே, போய்வந்தேன். பாயேயா என்ற இந்த ஊர் அரிசிச் சாப்பாட்டைச் செய்து காட்டினார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

காலையில் முதலில் மத்தியச் சந்தைக்குக் கூட்டிப்போனார்கள். 1928இல் திறந்த கட்டடம், மேலே குவிமாடமும் வண்ணக் கண்ணாடியுமாக அவ்வளவு அழகு. ஆனால் என் கண் காய்க்கடையில்தான் நின்றது. கரோஃபோ என்று வெள்ளையாக, தட்டையாக, பெரிய பெரிய பயறு வாங்கினார்கள். பார்த்தால் நம் டபுள் பீன்ஸின் சொந்தம்! அதோடு பட்டையான பச்சை பீன்ஸ், தக்காளி, கோழி, முயல் கறி. அவ்வளவுதான் சாமான். வெங்காயம் கிடையாது. இறால், மீன் போட்டுச் செய்வதும் உண்டு, அது வேறு வகையாம். இந்தப் பழைய முறையை 2021இல் வலென்சியா அரசு பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்திருக்கிறது.

அரிசி ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றிய வயல்களில் விளைகிறது. அரேபியர்கள் ஆண்ட காலத்தில் வேரூன்றிய நெல் சாகுபடி. பஸ்ஸில் போகும்போது தண்ணீர் கட்டிய பச்சை வயலைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தஞ்சாவூர்க்காரர் அல்லவா.

சமையல் வெளிமுற்றத்தில், ஆரஞ்சு மர விறகில். அகலமான, ஆழமே இல்லாத இரும்புச் சட்டி. ஆலிவ் எண்ணெயில் கறியை உப்புப் போட்டு நிதானமாகச் சிவக்க விட்டார் ஆசிரியை. அரை மணி நேரம் போல ஆனது. ருசி அங்கேதான் பிறக்கிறது, அவசரப்பட்டால் பின்னால் எதைப் போட்டாலும் தேறாது. அப்புறம் பீன்ஸ், பயறு, துருவிய தக்காளி. தக்காளி சுண்டியதும் மிளகாய்த் தூள், காரமில்லாத இனிப்பு வகை. அதைப் போடும் முன்பே இன்னொரு கையில் தண்ணீர்க் குடத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். ஒரே ஒரு புரட்டல், உடனே தண்ணீர். கொஞ்சம் தாமதித்தால் தூள் கருகிக் கசந்துவிடுமாம்.

கொதித்துச் சாறு இறங்கியதும் குங்குமப்பூவும் அரிசியும். சட்டிக்குக் குறுக்கே அரிசியை வரப்பு போலக் கொட்டி, ஒருமுறை பரப்பிவிட்டார். அதற்கப்புறம் கரண்டி கிட்டவே வரக்கூடாது! கிளறினால் கஞ்சி பிரிந்து சோறு குழைந்துவிடும். எனக்குக் கை பரபரத்தது. இருபது நிமிடம் போல நின்று பார்ப்பதுதான் வேலை. முதலில் நல்ல தீ, பிறகு விறகை இழுத்துத் தணித்தார். தண்ணீர் வற்றியதும் குனிந்து காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். கொதிக்கும் சத்தம் போய், மெல்லிய படபடப்பு கேட்டது. அடி பிடிக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொன்னிறக் காந்தலுக்குப் பெயர் சொக்கராத். அதற்காகத்தான் இத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.

தட்டு வைக்கவில்லை. சட்டியை நடுவில் வைத்து, ஆளுக்கொரு மரக்கரண்டியோடு சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் பங்கை மட்டும் சாப்பிட்டோம். இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் சொந்தபந்தம் கூடினால் இதுதான் சாப்பாடாம்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருத்திக்காக அடுப்பு பற்றவைக்க அலுப்பாக இருக்கிறது என்று போன வாரம் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பெங்களூரில் உன் ஆபீஸ் பிள்ளைகள் நாலு பேரும் உன்னைப் போலத்தானே, வீட்டை விட்டு வந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூப்பிட்டு இதைச் செய்துபார். முயலுக்கு அலையாதே, கோழி மட்டும் போதும். கரோஃபோவுக்குப் பதில் டபுள் பீன்ஸ். அரிசி ஒரு பங்குக்குச் சாறு மூன்று பங்கு. கேஸ் அடுப்பில் தீ நடுவில் மட்டுமே பிடிக்கும், நடுநடுவே சட்டியைத் திருப்பி வை.

போம்பா என்ற பாயேயா அரிசியும் குங்குமப்பூவும் உனக்காக வாங்கிவிட்டேன். சட்டிதான் பாக்கி. இங்கே இத்தனை பேருக்கு இந்த அளவு என்று எழுதித்தான் விற்கிறார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று அவர்களிடம் கேட்டு, நாங்கள் கிளம்புவதற்குள் சொல்.

அன்புடன்,
அம்மா