சர்பத் கடைய காப்பாத்துன அண்ணனுக்கு

சித்திரையில சாமி ஏழு ஊரு சுத்தி வர்ற ஏழூர் பல்லக்குத் திருவிழாவுக்கு கண்டியூர் ரோட்டோரமா நானும் தங்கச்சியும் நன்னாரி சர்பத் கடை போட்டோம், பல்லக்கு திருவையாத்துலேருந்து பழனம், சோத்துத்துறை, வேதிகுடின்னு சுத்தி எங்க ஊருக்கு வர்றதுக்குள்ளயே ஐஸ் பார் கரைஞ்சு சாக்குல வெறும் மரத்தூள்தான் ஒட்டியிருந்துச்சு, அந்த நேரம் பாத்து காத்துல தார்ப்பாயும் பிச்சுக்கிச்சு. ஆத்துல வேற தண்ணி இல்ல, வெக்கைன்னா அப்படி ஒரு வெக்கை. டிவிஎஸ் 50ல வந்த ஒரு அண்ணன் நின்னு, கயித்த பல்லுல கடிச்சுக்கிட்டே தார்ப்பாய புளியமரத்துல இழுத்துக் கட்டிட்டு, எங்கயோ போயி அரை பார் ஐஸ் கொண்டாந்தாரு, வேட்டி பூரா ஈரம். காசு குடுத்தா வாங்கல, ஆனா குடிச்ச சர்பத்துக்கு மட்டும் 20 ரூவா வச்சுட்டுப் போயிட்டாரு (இது என்ன நியாயம்ணே!). பேரு கேக்கக்கூட தோணல. ரொம்ப நன்றிண்ணே, உங்க கயிறு எங்ககிட்டதான் இருக்கு.