அந்த அறைக்குள் என்ன பேசினார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, பழைய பிராக் நகரத்து யூதர்களைப் பற்றிய சரித்திரக் கதையை இரண்டு முறை படித்தேன். களிமண்ணால் செய்து உயிரூட்டிய கோலெம் என்ற மனித உருவத்தின் வாய்க்குள் இறைவன் பெயர் எழுதிய தாளை யூத மதகுரு ரபி லேவ் வைக்கும் இடம் கண்முன்னே நிற்கிறது. யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலை அந்தத் தாளை எடுக்க அவர் மறந்துபோக, கோலெம் வெறிகொண்டு தெருவில் இறங்கும் காட்சியும் அப்படித்தான். அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜெப ஆலயத்தில் வெள்ளிக்கிழமைகளில் வேதத்தின் 92ஆம் சங்கீதப் பாடலை இரண்டு தடவை சொல்லும் வழக்கம் உண்டு. ரபி பாதியில் ஓடிப்போய்த் தாளைப் பிடுங்கிவிட்டு வந்தாராம், அதனால் மறுபடி முதலிலிருந்து! இதையும் கதாசிரியர் சேர்த்திருக்கலாம்.

ஆனால் கதை முழுக்க ரபி மந்திரவாதியாகவே வருவது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் இறந்தது 1609இல். கோலெம் கதை அவர் பெயரில் அச்சேறியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற பொய்யான ரத்தப் பழியிலிருந்து யூதர்களைக் கோலெம் காப்பாற்றும் பகுதி இன்னும் புதியது. 1909இல் போலந்து ரபி ஒருவர் வெளியிட்ட புத்தகத்தால் பரவியது. கதைதானே, கோலெம் வரட்டும், சரி. ஆனால் நிஜ மனிதர் எங்கே? சின்னப் பிள்ளைகள் தலையில் தல்மூது என்ற பெரிய சட்ட விவாத நூலைச் சுமத்தாதீர்கள், முதலில் வேதம், பிறகு மிஷ்னா என்ற வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, அப்புறம்தான் மற்றது என்று சொல்லிக்கொண்டே இருந்த ஆசிரியர் அவர். கதையில் அவரிடம் ஒரு மாணவன்கூட வரவில்லையே!

தாவீது கான்ஸ் அவருடைய மாணவர்தான். வானியலாளர்கள் டைக்கோ பிராஹேயையும் கெப்ளரையும் நேரில் பார்த்துப் பேசிய யூத அறிஞர். 1592இல் அச்சான அவருடைய சரித்திர நூலில் கோலெம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்த ஆண்டு பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் ரபியை அழைத்துப் பேசியதை எழுதியிருக்கிறார். பேசியது என்ன என்பது மட்டும் ரகசியம் என்று அதோடு நிறுத்திவிடுகிறார்.

யூதர்களை ஒதுக்கி வைத்திருந்த கெட்டோவிலிருந்து ஒரு முதியவர் அரசரைப் பார்க்கப் போகிறார். தன் ஜனங்களை ஒரு கையெழுத்தில் ஊரைவிட்டே துரத்தக்கூடிய அரசர். போகும்போது அவர் மனசில் என்ன இருந்திருக்கும், திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் யார் யார் காத்திருந்திருப்பார்கள்? அடுத்த கதையில் இந்தக் கதாசிரியர் அந்த அறைக்குள் எங்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி