உள்ளே வைத்தது என்னவென்று எழுதிக் கொடுங்கள், டாக்டர்

மூட்டு மாற்று அறுவை செய்யும் டாக்டர்களுக்கும் மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இடுப்போ முழங்காலோ, எங்கள் உடம்புக்குள் நீங்கள் வைக்கிற பொருளின் பெட்டிக்குள் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் நாலைந்து இருக்கும் இல்லையா, கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் நம்பர் எல்லாம் அச்சடித்து? அதில் ஒன்றை எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டிக் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு மடலா என்று நினைப்பீர்கள். அந்த ஸ்டிக்கர் கையில் இல்லாமல் இரண்டாவது தடவை ஆபரேஷனுக்குப் படுத்தவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

2009-ல், நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில், இடது தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய் எனக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். நன்றாகவே செய்தார்கள், அதில் குறையே இல்லை. மாடி ஏறினேன், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன், நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அப்புறம் போன வருஷம் தொடை இடுக்கில் சுருக் சுருக்கென்று வலி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டினார்: தொடைப் பக்கம் வைத்த உலோக உருண்டைக்கும், அது சுழல இடுப்பெலும்பில் பதித்த கிண்ணத்துக்கும் நடுவே கருப்பாக ஒரு இடைவெளி தெரிய வேண்டும், கிண்ணத்தின் உள்பக்கம் பொருத்துகிற பிளாஸ்டிக் லைனர் இருக்கும் இடம் அது, எக்ஸ்ரேயில் பிளாஸ்டிக் விழாது. எனக்கு மேல்பக்கம் அந்த இடைவெளியே இல்லை. லைனர் தேய்ந்து, அந்தத் தூளை உடம்பு எதிர்க்கப்போய் சுற்றியிருந்த எலும்பு கரைந்து, கிண்ணம் ஆட ஆரம்பித்திருந்தது. தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டு மட்டும் அசையாமல் கெட்டியாக இருந்தது.

டாக்டரின் முதல் கேள்வி, "உள்ளே இருக்கிறது எந்தக் கம்பெனிம்மா?" என்பதுதான்.

எங்களிடம் இருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லெஃப்ட் டி.எச்.ஆர். அன்சிமென்டட், டன் அண்டர் ஸ்பைனல்' என்று ஒரே ஒரு வரி. இடது இடுப்பு மூட்டை சிமென்ட் போடாமல் மாற்றினோம், முதுகில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். பில்லில் 'இம்ப்ளான்ட் சார்ஜஸ்' என்று போட்டு ஒரு தொகை, அந்தக் காலத்துக்கு எங்கள் வீட்டையே உலுக்கிய தொகை, ஆனால் என்ன பொருள் என்று ஒரு எழுத்துகூட இல்லை. வீட்டுக்காரர் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கே போய் ரெக்கார்டு ரூமில் கேட்டார். பழைய ஃபைல் எல்லாம் அழித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. ஓட்டை ஸ்கூட்டருக்குக்கூட சேசிஸ் நம்பரோடு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, என் இடுப்புக்கு இல்லை.

அவர்கள் விதியை மீறினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை, உள்நோயாளியின் ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. சரி, நல்ல விதிதான், காய்ச்சலுக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும். இடுப்பு மூட்டு அப்படியா? 2019-ல் லான்செட்டில் வந்த ஆய்வின் கணக்கில், இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பாதிக்கு மேல், சுமார் 58 சதவீதம் பேருக்கு, அது 25 வருஷம் நிற்கும். 25 வருஷம் நிற்கிற பொருளுக்கு 3 வருஷக் காகிதம். மீதி வருஷங்களுக்கு அந்தத் தகவல் யாரிடம் இருக்க வேண்டும்? அதைச் சுமந்துகொண்டு திரிகிறவரிடம்தானே?

கம்பெனி தெரியாவிட்டால் என்ன, கழற்றிவிட்டுப் புதுசு வைக்க வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். தண்டின் கழுத்தில்தான் உருண்டை உட்காருமாம். அந்தக் கழுத்தின் சரிவும் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். வேறு கம்பெனி உருண்டையை அதில் மாட்டினால் அங்கேயே உரசி அரிக்கும். மாடல் முன்கூட்டியே தெரிந்தால் அதற்குப் பொருந்தும் உருண்டையை வரவழைத்து, தண்டைத் தொடாமலே விட்டுவிடலாம். தெரியாவிட்டால் தண்டையும் எடுக்க வேண்டி வரலாம். சிமென்ட் போடாத தண்டில் எலும்பே வளர்ந்து பிடித்திருக்கும், இழுத்தால் வராது. தொடை எலும்பின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்து, தண்டை விடுவித்து, நீளமான புதுத் தண்டை இறக்கி, எலும்பை மூடிக் கம்பி சுற்றிக் கட்ட வேண்டும். எஸ்டிமேட் இரண்டு விதமாக எழுதித் தந்தார்கள். இரண்டாவது ஏறத்தாழ முதலாவதைப் போல இரண்டு மடங்கு.

அட்மிட் ஆனதும் உள்ளே கிருமி ஏதாவது இருக்கிறதா என்று ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற பரிசோதனைகள் செய்தார்கள், மூட்டுக்குள் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், கிருமி இருந்தால் கதையே வேறு என்றார்கள். நல்லவேளை, இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் இரண்டு கம்பெனி ஆட்கள் வந்து எஃகுத் தட்டுத் தட்டாகச் சாமான்களைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று டாக்டர் ஊகித்த இரண்டு கம்பெனிகள். மறுநாள் திறந்து பழைய உருண்டையைத் தட்டிக் கழற்றிய பிறகுதான் கழுத்தில் பொறித்திருந்த எழுத்து தெரிந்ததாம். இரண்டுமே இல்லை. கெட்டியாக இருந்த தண்டை வெட்டித்தான் எடுத்தார்கள். டாக்டரைத் தப்பு சொல்ல மாட்டேன், திறந்து வைத்த உடம்போடு அவர் யாருக்கு ஃபோன் போட்டு எதை வரவழைக்க முடியும்?

அப்புறம் வார்டு வாசம். கால்களுக்கு நடுவே முக்கோணத் தலையணை, திரும்பிப் படுக்க சிஸ்டர் ஒருவர், அட்டெண்டர் ஒருவர், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி. பக்கத்துப் படுக்கையில் முதல் தடவை இடுப்பு மாற்றிய ஒரு அக்கா மறுநாளே வாக்கர் பிடித்துப் பாத்ரூம் வரைக்கும் போய்விட்டு வந்தார். எனக்குப் பிசியோ பெண் சொன்னது, "பெருவிரல் நுனி மட்டும் தரையில் படலாம், வெயிட் போடவே கூடாது." கம்பி கட்டிய எலும்பு சேரும் வரை வாரக்கணக்கில் அப்படியே. அந்த அக்காவிடம் ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டீர்களா என்று கேட்டேன். என்ன ஸ்டிக்கர் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

இதில் எரிச்சலே, ஸ்டிக்கர் ஒட்டும் வேலை ஏற்கெனவே நடக்கிறது என்பதுதான். தியேட்டர் சிஸ்டர் உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார். இன்சூரன்ஸ்காரர் கேட்டால் கிளெய்மோடு போகிறது. எல்லாருக்கும் போகிறது, எனக்குத் தவிர.

ஏ.எஸ்.ஆர். விவகாரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ கம்பெனி, உலோகத்தோடு உலோகம் உரசுகிற அந்த இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள் என்று குறித்து வைக்கிற இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேட்டில், 5 வருஷத்துக்குள் மறு அறுவைக்குப் போனவர்கள் 12, 13 சதவீதம் என்று தெரிந்தது. பதிவேடு இருந்ததால் தெரிந்தது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அதை வைத்தார்கள், அவர்களில் ஏறத்தாழ 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு 2018-ல் சொன்னது. அதே வருஷம் 30 லட்சத்திலிருந்து 1 கோடியே 23 லட்சம் வரை இழப்பீடு என்று கணக்குப் போட்டார்கள். போட்டு? உள்ளே இருப்பது அதுதான் என்று தெரியாதவர் எதைக் காட்டிக் கேட்பார்? நானும் 2009-ல் செய்துகொண்டவள். என்னுடையது அது இல்லை என்பதே எக்ஸ்ரேயில் அந்தப் பிளாஸ்டிக் இடைவெளியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஐரோப்பாவில் உடம்புக்குள் பொருள் வைத்தால் நோயாளிக்கு அட்டை கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே சட்டம் வரும்போது வரட்டும், உங்கள் ஆஸ்பத்திரியில் நாளைக்கே ஆரம்பிக்க யார் கையெழுத்தும் தேவையில்லை. கிண்ணம், லைனர், உருண்டை, தண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கர் வீதம் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டுக்குப் போகும் நாளில் கட்டுப் பிரிக்க எப்போது வர வேண்டும் என்று சொல்லும்போதே, இந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே உங்களிடம் மூட்டு மாற்றிக்கொண்டு போனவர்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். பழைய ஃபைல்களை அழிக்க எடுக்கும்போது, ஸ்டிக்கர் ஒட்டிய அந்த ஒரு தாளை மட்டும் ஸ்கேன் செய்து அவர்கள் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எண் மாறியிருந்தால் ஃபைலில் இருக்கும் விலாசத்துக்குத் தபாலில் போடுங்கள், அதுவும் திரும்பி வந்தால் அந்தத் தாளை மட்டுமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
இடது இடுப்பை இரண்டு தடவை மாற்றிக்கொண்ட ஒரு தையல்காரி