பெயர் போடாத அந்தக் குறிப்புகளுக்கு நன்றி

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்ட் உரிமம் பெற எழுதும் ஏ.ஆர்.இ. 5.0 தேர்வின் ஆறு பிரிவுகளுக்கும் கைப்படக் குறிப்பெழுதி, பெயர்கூடப் போடாமல் கொடுத்துவிட்டுப் போனவருக்கு மனமார்ந்த நன்றி.

எல்லாவற்றிலும் பெரிய உதவி, இடைவேளை பற்றிய சிவப்பு மைக் குறிப்பு. இடைவேளைக்கு எழுந்தால் அதுவரை திறந்து பார்த்த கேள்விகள் பூட்டிக்கொள்ளும். விடை போடாமல் விட்டவையும் போனதுதான். கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு கட்டடத் திட்டத்தின் ஆவணங்களைப் பார்த்து விடை சொல்லும் கேள்வித் தொகுப்பு, கடைசியில் வரும். 100 கேள்விகளும் 4 மணி 5 நிமிடமும் உள்ள பிரிவுகளில் அதற்கென்று ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கச் சொன்னீர்கள். சறுக்கல் அங்கேதான்.

ஏ201 எனப்படும் அமெரிக்கக் கட்டுமான ஒப்பந்தப் பொது நிபந்தனைகளை நாள் கணக்காகப் பிழிந்து தந்ததும் அருமை: ஒப்பந்ததாரரின் உரிமைகோரலுக்கு 21 நாள், பில்லுக்கு ஆர்க்கிடெக்ட் சான்று தரவோ காரணம் சொல்லி மறுக்கவோ 7 நாள்.

தோற்ற பிரிவை மறுபடி எழுத 60 நாள் காத்திருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறைதான். 'புத்தகத்தை முதலிலிருந்து புரட்டாதே, மதிப்பெண் அறிக்கையில் எது தாழ்ந்ததோ அதைப் பிடி' என்ற உங்கள் வரி தங்கம்.

தேறிய பிரிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்ற கெடு பற்றிய பக்கம் மட்டும் பழசு, தேர்வை நடத்தும் என்.சி.ஏ.ஆர்.பி. அமைப்பு அந்தக் கெடுவை 2023இல் நீக்கிவிட்டது. மாநில வாரிய விதியைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.