நிரப்பாமல் விட்ட ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கர்ப்ப காலத்திலோ, பிரசவமோ கருக்கலைப்போ ஆன 42 நாட்களுக்குள்ளோ, அதனோடு தொடர்புள்ள காரணத்தால் ஒரு பெண் இறந்தால் அது பேறுகால மரணம். ஒவ்வொன்றும் எதனால் நடந்தது என்று ஆராய, முதலில் அது கணக்கில் வர வேண்டும். பிரசவ வார்டில் இறந்தால் கணக்கில் வந்துவிடும். குழந்தை பெற்று இருபதாம் நாள் காய்ச்சலோடு பொது வார்டில் சேர்ந்து இறப்பவரும், தாய்வீட்டுக்குப் போன ஊரில் இறப்பவரும்தான் விடுபட்டுப் போகிறார்கள். இறப்புக் காரணத்துக்கான படிவம் 4-இல், இறந்தவர் பெண் என்றால் கர்ப்பத்தோடு தொடர்பு உண்டா, பிரசவம் ஆனதா என்று கேட்கப்பட்டிருக்கிறது. இரவு டியூட்டி மருத்துவர் அதை நிரப்பாமல் விட்டால், விசாரணை தொடங்க வழியே இல்லை. 15 முதல் 49 வயதுப் பெண்ணின் படிவத்தில் இதற்குப் பதில் இல்லையென்றால் பிறப்பு-இறப்புப் பதிவாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்தது காரணம். 'இதயம் நின்றது' என்று எழுதுவதால் ஒன்றும் தெரியாது. 'பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு' என்பதும் பாதிதான். கருப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போட்டார்களா? அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா, மேஜை மேல் கிடந்ததா? ரத்தக்கட்டு கரையாமல் காத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் மூன்று மணி நேரத்துக்குள் ஏறியதா? ரத்தம் எத்தனை மணிக்குக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தது? கண்ணால் பார்த்துச் சொல்லும் ரத்த இழப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வழியும் ரத்தத்தைப் பிடித்து அளக்கும் அளவுப் பை வைத்தால்தான் 500 மில்லி தாண்டியது உடனே தெரியும். சிகிச்சையைக் குறித்து வைக்கும் கேஸ் ஷீட்டிலும், வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது தரும் ரெஃபரல் சீட்டிலும் மணி குறிக்காவிட்டால் இவை எதற்கும் விடை கிடைக்காது.

பேறுகால மரணங்களை ஆராய்வதற்கான மத்திய அரசின் 2017 வழிகாட்டுதல்படி, மரணம் நடந்த 24 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். அந்த மரணத்தை ஆராயும் மாவட்ட ஆட்சியர் கூட்டத்தில் குடும்பத்தாரையும் கேட்க வேண்டும். ஆனால் கூட்டம் முடிந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்ற பயம் இருக்கும்வரை கேஸ் ஷீட்டை உள்ளபடி எழுத யாருக்கும் மனம் வராது. கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்கள், பெயரும் மருத்துவமனையும் மறைத்த கேஸ் ஷீட்டுகளை வைத்தே ஆராய்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம்.

'ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும்' என்று முடியும் பரிந்துரையை ஏற்கவே கூடாது. எந்த மருத்துவமனைக்கு எத்தனை யூனிட் ரத்தம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். அடுத்த மாதக் கூட்டம் புதிய மரணத்தை எடுக்குமுன், போன மாதப் பட்டியலில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்கள் சிலர்,
மதுரை